சாக்கே ஆலைக்குப் போகுமுன்: ஜப்பான் பயணிக்கு ஒரு தொடக்க விளக்கம்

சாக்கே என்பது ஜப்பானின் அரிசி மது. அங்கே "சாக்கே டூர்" என்று தேடினால் ஒரே பெயரில் பலவிதமான சமாச்சாரங்கள் வந்து நிற்கும். பழைய மரக்கட்டிட அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டுக் கடைசியில் இரண்டு மூன்று சின்னக் கோப்பை குடிப்பதும் டூர்தான். வேலை நடக்கிற ஆலைக்குள் தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு போவதும் டூர்தான். வழிகாட்டி ஒருவரோடு நான்கைந்து கடை ஏறி இறங்குவதும் டூர்தான். ரயில் நிலையத்தில் மெஷினில் டோக்கன் போட்டுக் குடிப்பதைக்கூடச் சிலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். கட்டணம் இலவசத்தில் தொடங்கிப் பல ஆயிரம் யென் வரை போகும்.

இதில் எது நமக்குச் சரிப்படும் என்று முடிவு செய்ய, சாக்கே எப்படி உருவாகிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஆலைக்குள் பெரிய வேலையைச் செய்வது பூஞ்சையும் ஈஸ்ட்டும். அவை நம் கண்ணுக்குப் படப்போவதில்லை. ஒன்றும் தெரியாமல் உள்ளே போனால் தொட்டி, குழாய், மூடிய கதவு, இவ்வளவுதான் காட்சி. உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்தவருக்கோ அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்தது பிறகு கோப்பையில் தெரியவரும். அதைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தருபவர்தான் நல்ல வழிகாட்டி.

அரிசி எப்படிச் சாக்கே ஆகிறது

அரிசி, தண்ணீர், கோஜி என்ற பூஞ்சை, ஈஸ்ட். அடிப்படைச் சரக்கு இவ்வளவுதான். சாக்கேயை விஸ்கி, வோட்கா போலக் காய்ச்சி வடித்த சரக்கு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. நொதிக்க வைத்துப் பிழிந்து எடுப்பது. பாட்டிலில் இருக்கும்போது ஆல்கஹால் பெரும்பாலும் 15, 16 சதவீதம். ஒயினைவிடச் சற்றே கூடுதல்.

திராட்சையில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. ஈஸ்ட் அதை அப்படியே ஆல்கஹாலாக மாற்றிவிடும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து, ஈஸ்ட்டால் அதைத் தொட முடியாது. பியரில் முளைவிட்ட பார்லியை வைத்து முதலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அப்புறம் தனியாக நொதிக்க விடுகிறார்கள். சாக்கேயில் இரண்டும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கோஜி ஒரு பக்கம் சர்க்கரையை ஆக்கிக்கொண்டே இருக்க, ஈஸ்ட் இன்னொரு பக்கம் அதைத் தின்று தீர்த்துக்கொண்டே இருக்கும். சர்க்கரை ஒரேயடியாகச் சேர்ந்து ஈஸ்ட்டைத் திணறடிப்பதில்லை. அதனால்தான் தொட்டிக்குள் ஆல்கஹால் 20 சதவீதத்தை நெருங்க முடிகிறது. பிறகு தண்ணீர் சேர்த்துக் குறைக்கிறார்கள். தண்ணீர் சேர்க்காமல் விற்பதற்கு "கென்ஷு" என்று பெயர். கடையில் பார்த்தால் கொஞ்சம் நிதானமாகக் குடியுங்கள்.

முதல் வேலை அரிசியைத் தீட்டுவது. சாக்கேக்கென்றே வளர்க்கும் நெல்வகைகள் உண்டு. ஹியோகோ மாகாணத்தில் உருவான யமடா நிஷிகி அதில் பேர்போனது. நீகாட்டா பக்கம் கோஹியாகுமான்கோகு, ஒகாயாமாவில் ஒமாச்சி என்று ஊருக்கொன்று. மணியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் அதிகம், அவை சுவையைக் கரடுமுரடாக்கும். நடுவில் வெள்ளையாகத் தெரியும் பகுதியில்தான் மாவுச்சத்து. ஆகவே வெளியே இருப்பதைத் தேய்த்துத் தள்ளுகிறார்கள். சாப்பாட்டு அரிசியில் பத்து சதவீதம் போல எடுப்பார்கள். இங்கே பாதிக்குப் பாதி எடுப்பதும் உண்டு. சூடேறி மணி உடைந்துவிடக் கூடாது என்பதால் அதற்கு இரண்டு நாளுக்கு மேல்கூட ஆகும். முடிவில் கைக்கு வருவது நீள அரிசியாக இருக்காது, ஜவ்வரிசி மாதிரி உருண்டு இருக்கும். பல ஆலைகளில் வெவ்வேறு அளவு தீட்டிய அரிசியைக் கண்ணாடிக் குப்பிகளில் வரிசையாக வைத்திருப்பார்கள். அவசரமாகக் கடந்து போகாமல் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், லேபிளில் பாதி அங்கேயே புரிந்துவிடும்.

தீட்டிய அரிசியைக் கழுவி, ஊறவைத்து, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஊறும் நேரத்தை நொடிக்கணக்கில் பார்க்கும் ஆலைகள் உண்டு. வெந்ததில் ஒரு பகுதி கோஜி அறைக்குப் போகும். பெரும்பாலும் தேவதாரு மரப்பலகை அடித்த, முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம் காக்கும் அறை. சோற்றின்மேல் பூஞ்சை வித்தைத் தூவி, இரவும் பகலும் கிளறிவிட்டு, இரண்டு நாளில் எடுக்கிறார்கள். வேகவைத்த கஷ்கொட்டையை நினைவூட்டும் இனிய மணம் வரும். ஆனால் இந்த அறைக்குள் உங்களை விடமாட்டார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கக் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம். வெளியிலிருந்து வேறு நுண்ணுயிர் புகுந்தால் அந்தத் தொகுதியே பாழாகிவிடும் என்ற பயம்.

அந்தப் பயத்தால்தான் ஆலைக்குப் போகிற அன்று நாட்டோ சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். நாட்டோ என்பது புளிக்கவைத்த சோயா. ஹோட்டல் காலை உணவில் நூலிழுத்துக்கொண்டு இருக்குமே, அதுதான். அதிலுள்ள பாக்டீரியா சூட்டையும் தாங்கிக்கொண்டு உயிர்பிழைக்கும் ரகம், கோஜி அறைக்குள் புகுந்தால் கோஜியை அமுக்கிவிடும். கேட்கும்போது வேடிக்கையாகத் தோன்றினாலும் ஆலைக்காரர்கள் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. வேலைபார்ப்பவர்கள் உற்பத்திக் காலம் முழுவதும் நாட்டோவைத் தொடுவதில்லை.

அப்புறம் கோஜி (பூஞ்சை படர்ந்த அரிசிக்கும் அதே பெயர்தான்), வெந்த அரிசி, தண்ணீர், ஈஸ்ட் சேர்த்து ஒரு சிறு தொட்டியில் உறை தயாரிக்கிறார்கள். ஈஸ்ட் பெருகியதும் பெரிய தொட்டிக்கு மாற்றி, நான்கு நாளில் மூன்று தவணையாக மேலும் அரிசியும் கோஜியும் தண்ணீரும் போடுகிறார்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ஈஸ்ட் நீர்த்துப்போய் வேறு கிருமிகள் தலையெடுத்துவிடும். இரண்டாம் நாள் ஒன்றும் போடாமல் ஓய்வு. மூன்று நான்கு வாரம் குமிழ் விட்டுக்கொண்டு நொதிக்கும் இந்தக் கூழுக்கு மொரோமி என்று பெயர். வாசம் மூக்கைத் துளைக்கும். எட்டிப்பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வழிகாட்டி அனுமதிக்காமல் தொட்டிக்குள் தலையை நீட்ட வேண்டாம். மேலே கரியமில வாயு தேங்கி நிற்கும், மயங்கி உள்ளே விழும் ஆபத்து நிஜமானது.

நொதித்து முடிந்ததும் பிழிகிறார்கள். தெளிந்த சாக்கே ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். சக்கையையும் வீணாக்குவதில்லை. காய்களை ஊறவைக்க, சூப்பில் கலக்க, ஐஸ்கிரீமில் போட என்று விற்றுவிடுகிறார்கள். சாக்கேயை 60, 65 டிகிரி சூட்டில் பதப்படுத்தி வைப்பது வழக்கம். அப்படிச் செய்யாதது நமாசாக்கே. துள்ளலான சுவை, ஆனால் எப்போதும் குளிரிலேயே இருக்க வேண்டும்.

லேபிள்

லேபிளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பெரும்பகுதி புரியும். வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்த்தார்களா? அரிசியை எவ்வளவு தீட்டினார்கள்? "ஜுன்மாய்" என்று இருந்தால் ஆல்கஹால் சேர்க்கவில்லை. மணியில் 60 சதவீதம் அல்லது அதற்குக் குறைவாக மிச்சம் வைத்திருந்தால் கின்ஜோ, 50 அல்லது அதற்கும் கீழே என்றால் டைகின்ஜோ. ஆல்கஹால் சேர்த்து, 70 அல்லது அதற்குக் குறைவாக மிச்சம் வைத்தது ஹோன்ஜோசோ. சேர்ப்பதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வகைகளில் அளவுக்குச் சட்டவரம்பு உண்டு. பிழிவதற்குச் சற்றுமுன் கொஞ்சம் சேர்த்தால் கூழில் தங்கிப்போகும் மணம் சாக்கேக்குள் வந்துவிடும். போட்டிக்கு அனுப்பும் டைகின்ஜோவிலேயே இதைச் செய்கிறார்கள்.

இந்த எண்களை வைத்துத்தான் பயணிகள் அதிகமாக ஏமாந்துபோகிறார்கள் என்பது என் எண்ணம். குறைந்த சதவீதம், கூடுதல் விலை, ஆகவே உயர்ந்த ரகம் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். தீட்டத் தீட்டச் செலவு ஏறுவது உண்மை. பழவாசமும் மெல்லிய சுவையும் கூடும், அரிசியின் சுவை குறையும். சூடான சாப்பாட்டோடு குடிக்க 70 சதவீத ஜுன்மாய்தான் பிடிக்கிறது என்று சொல்லும் ஆலைக்காரர்கள் எத்தனையோ பேர்.

எப்போது, எங்கே

சாக்கே குளிர்கால வேலை. வழக்கமாக அக்டோபர், நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் முடியும். முன்பெல்லாம் வயல்வேலை இல்லாத மாதங்களில் விவசாயிகளும் மீனவர்களும் தலைமைக் கைவினைஞரான தோஜியின் பின்னால் கூட்டமாக வந்து ஆலையிலேயே தங்கி வேலை செய்வார்கள். இவாத்தேயின் நன்பு தோஜிகள், நீகாட்டாவின் எச்சிகோ தோஜிகள், ஹியோகோவின் தன்பா தோஜிகள் என்று பெயர்பெற்ற குழுக்கள் உண்டு. ஆக, அரிசி வேகும் ஆவியைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் அதிகாலையிலேயே போக வேண்டும். ஆனால் வேலை மும்முரமான அந்த மாதங்களில் வெளியாட்களையே விடாத சிறு ஆலைகளும் நிறைய. கோடையில் போனால் வரவேற்பு தாராளம், தொட்டிகள் காலி. பெரிய நிறுவனங்கள் குளிரூட்டி ஆண்டு முழுக்கத் தயாரிக்கின்றன.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கோபேயும் கியோட்டோவும். உற்பத்தியில் முதலிரண்டு இடத்திலுள்ள ஹியோகோ, கியோட்டோ மாகாணங்களின் நகரங்கள் இவை. இரண்டுக்கும் இடையே ரயிலில் ஒரு மணி நேரம்தான். சுவையிலோ பெரிய வித்தியாசம். கோபேயின் கிழக்குக் கடற்கரையோரம் நீளும் நடா பகுதியில், ரொக்கோ மலையிலிருந்து வரும் நீர் ஜப்பானிய அளவில் கடினநீர். 1840-ல் பக்கத்து ஊரான நிஷினோமியாவில் கண்டுகொண்ட மியாமிசு என்ற ஊற்றுநீரில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய தாதுக்கள் நிறைய இருந்தன. சாக்கேயின் நிறத்தைக் கெடுக்கும் இரும்புச்சத்து மிகக் குறைவு. நொதிப்பு வேகமாக நடந்து, இனிப்பு குறைந்து, சுருக்கென்று முடியும் சாக்கே கிடைத்தது. அதைப் பீப்பாயில் ஏற்றிக் கப்பலில் எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, அனுப்பியே நடா செழித்தது. கியோட்டோவின் தெற்கே ஃபுஷிமியில் நீர் அதைவிட மென்மை. நொதிப்பு மெதுவாகப் போகும், சாக்கேயும் வழவழப்பாக இருக்கும். நடாவுடையதை ஆண் சாக்கே என்றும் ஃபுஷிமியுடையதைப் பெண் சாக்கே என்றும் சொல்வது அங்கே பழைய வழக்கம். இந்தக் காலத்தில் வழிகாட்டிகளே கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறார்கள்.

நடாவில் ஹன்ஷின் ரயில்பாதையை ஒட்டியே ஹகுட்சுரு, கிகுமசமுனே ஆகிய நிறுவனங்களின் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. நுழைவு இலவசம். ஆளுயரப் பொம்மைகளும் பெரிய மரத்தொட்டிகளும் வைத்துப் பழைய முறையைக் காட்டியிருக்கிறார்கள். உண்மையில் வேலை நடக்கும் ஆலையைப் பார்க்க ஷுஷின்கான் போன்ற இடங்களில் முன்பதிவு செய்ய வேண்டும். 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் இந்தப் பகுதியின் மரக்கட்டிட ஆலைகள் பல தரைமட்டமாயின. கிகுமசமுனே அருங்காட்சியகமும் அப்படி விழுந்து, மறுபடி எழுப்பியதுதான். ஃபுஷிமியில் 1637-ல் தொடங்கிய கெக்கெய்கான் நிறுவனத்தின் ஓகுரா அருங்காட்சியகம் கட்டணம் உள்ளது, சுவைத்துப் பார்ப்பதும் அதில் அடக்கம். கேஹான் ரயிலில் சூஷோஜிமா நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம்.

டோக்கியோவை விட்டு நகர முடியாதவர்களுக்கு ஓமே பாதையில் சவாய் நிலையம். மையப்பகுதியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1702-ல் தொடங்கிய ஒசாவா ஷுசோ ஆலை அங்கே தமா ஆற்றின் கரையில் இருக்கிறது. முன்பதிவு செய்தால் உள்ளே கூட்டிப்போவார்கள். ஹிரோஷிமா போகிறவர்கள் அருகிலுள்ள சைஜோவில் இறங்கலாம். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஏழு ஆலைகள், வீட்டுக்கூரைகளுக்கு மேலே செங்கல் புகைபோக்கிகள். அக்டோபரில் சாக்கே திருவிழா நடக்கும், கூட்டம் தாங்காது. நீகாட்டாவில் எச்சிகோ யுசாவா, நீகாட்டா ரயில் நிலையங்களில் இருக்கும் பொன்ஷுகான் தனி ரகம். 500 யென்னுக்கு ஐந்து டோக்கன் என்று பேர்வாங்கிய இடம், மாகாணத்து ஆலைகளின் சரக்கெல்லாம் சுவர் முழுக்க மெஷின்களில். தொட்டுக்கொள்ள விதவிதமான உப்பு. ஜாலியான இடம்தான், ஆனால் சொல்லித்தர ஆள் இல்லாமல் கற்றுக்கொள்ள ஏற்றதில்லை.

தெருவில் ஆலையை அடையாளம் காண்பது சுலபம். வாசலில் தேவதாரு இலைகளை உருண்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். புதுச் சாக்கே வந்ததும் பச்சை உருண்டை மாட்டுவார்கள். அது மாதக்கணக்கில் காய்ந்து பழுப்பாகும்.

கோப்பையைக் கையில் எடுத்தபின்

தொழில்முறைச் சோதனைக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பீங்கான் கோப்பையின் அடியில் இரண்டு நீல வளையங்கள் இருக்கும். அலங்காரம் என்று நினைத்துவிடுவோம். வெள்ளைமேல் நிறத்தைப் பார்க்கலாம், நீல விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா என்பதை வைத்துத் தெளிவைப் பார்க்கலாம். லேசான மஞ்சள் குறையில்லை. கரியில் வடிகட்டாததும், நாள்பட வைத்ததும் நிறம் ஏறியே இருக்கும்.

முதலில் மூக்கு. ஆப்பிள், வாழைப்பழம், முலாம்பழம் போன்ற வாசம் வந்தால் கின்ஜோ வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே பழம் எதுவும் இல்லை, நல்ல குளிரில் மெல்ல வேலை செய்த ஈஸ்ட் உண்டாக்கியது அது. வெந்த சோறு, தயிர், காளான் சாயலில் வாசம் வந்தால் ஜுன்மாய் பக்கம். பிறகு ஒரு சிறு வாய், நாக்கு முழுக்கப் பரவவிட்டு, கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். வாசத்தின் இரண்டாம் பாதி அப்போதுதான் வரும். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்தலாம், அங்கே வேலைபார்ப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

தனித்தனியாகக் குடித்துப் பார்த்தால் தொடக்கக்காரருக்கு எல்லாம் "நல்லா இருக்கு" என்பதோடு நின்றுவிடும். ஜோடியாக வைத்துக் குடித்தால்தான் நாக்கு விழிக்கும். பதப்படுத்தியதும் பதப்படுத்தாததும், ஒரே ஆலையின் 70 சதவீதமும் 50 சதவீதமும் என்று பக்கத்தில் பக்கத்தில் கேளுங்கள். எல்லாவற்றிலும் சிறந்த ஜோடி ஒரே சாக்கேயைப் பத்து டிகிரி குளிரிலும், 45 டிகிரி சூட்டிலும் தரச் சொல்வது. குளிரில் மூடிக்கிடந்த அரிசிச் சுவை சூட்டில் விரிவதைப் பார்த்தால், வழிகாட்டிக்குக் கொடுத்த பணம் அங்கேயே வசூலாகிவிடும். சூடாகத் தருவது மட்டமான சரக்கை மறைக்கத்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மென்மையானதிலிருந்து கனமானதற்குப் போவதுதான் சரியான வரிசை. சில பட்டியல்களில் கூட்டல், கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கும். கூட்டல் ஏற ஏற இனிப்பு குறைவு, கழித்தல் பக்கம் இனிப்பு. புளிப்பும் சேர்ந்து இந்தக் கணக்கை மாற்றும் என்பதால் தோராயமாக எடுத்துக்கொண்டால் போதும். நடுவில் தண்ணீர் கட்டாயம். சாக்கேக்குச் சமமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அங்கே சாதாரணம்.

சில நடைமுறைகள். குடிக்கும் வயது 20, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வாசனைத்திரவியம் வேண்டாம், உங்களுக்கு மட்டுமின்றிப் பக்கத்தில் இருப்பவருக்கும் மூக்கு வேலைசெய்யாது. கார் எடுத்துப்போனால் ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. குடித்தவர் ஓட்டினால் கூட உட்கார்ந்து வந்தவருக்கும் ஊற்றிக்கொடுத்தவருக்கும்கூடத் தண்டனை உண்டு, சைக்கிளுக்கும் சட்டம் பொருந்தும். அதனால் ரயிலில் போவதே நிம்மதி. குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். கோஜியில் செய்யும் அமசாக்கே ஆல்கஹால் இல்லாத இனிப்புப் பானம், பல ஆலைகளில் கிடைக்கும். ஆனால் சக்கையில் செய்யும் இன்னொரு வகையில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். சைவக்காரர்கள் தொட்டுக்கொள்ளத் தருவதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. பார்வைக்குக் காய்கறியாக இருக்கும், வேகவைத்த சாற்றில் மீன் இருக்கும்.

வாங்கி வருவதானால் பதப்படுத்திய பாட்டிலாக வாங்குங்கள். நமாசாக்கே விமானம், டாக்ஸி, வெயில் எல்லாவற்றையும் தாண்டி வீடு வருவதற்குள் கெட்டுவிடலாம், அதை அங்கேயே குடித்துத் தீர்ப்பதே மேல். 720 மில்லி பாட்டில்தான் பெட்டிக்குள் வைக்க வசதி. இந்தியாவுக்குள் சுங்கவரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் மதுபானம் கொண்டுவரலாம் என்பதால் அதில் இரண்டு தாராளமாக அடங்கும். கைப்பையில் வேண்டாம், துணிகளுக்கு நடுவே சுற்றி, செக்-இன் பெட்டியில். வீட்டுக்கு வந்ததும் வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். திறந்தபின் ஃபிரிட்ஜ்தான், ஒன்றிரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.